காசிநாதனுக்குச் செய்த கருமாதி

காசிநாதனுக்குக் கருமாதி செய்த அன்று அவன் செங்கல்பட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

ஐம்பத்தாறாம் வருஷம், பங்குனி மாசம். வெள்ளித்தாங்கலில் அவன் அண்ணன் அருணகிரி வீட்டு வாசலில் பந்தல் போட்டு, எண்பது பேர் போல உட்கார்ந்து, போய்ச் சேர்ந்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்தோம். அவன் உயிரோடு இருப்பது அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அருணகிரி. இன்னொன்று அருணகிரியின் பெண்சாதி சின்னப்பொண்ணு. காசிநாதனின் மனைவி வேண்டாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. சதுரங்கப்பட்டினத்துக்குப் போகிற சாலையில், வெள்ளித்தாங்கல் பிரிவில் மளிகைக்கடை வைத்திருந்தேன். கருமாதிக்குப் பருப்பும் வெல்லமும் என் கடையிலிருந்துதான் போயின. சுத்துப்பட்டில் எல்லோருக்கும் நான் 'பாய்'.

வெயில் பந்தல் கீற்றுக்குள் புகுந்து தலையில் இறங்கியது. கடற்காற்று இன்னும் திரும்பவில்லை. பூசணிக்காய் குழம்பு கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருக்க, பந்திக்குக் காத்திருந்தவர்கள் விசிறிக்கொண்டே பேசினார்கள்.

"ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு மெட்ராஸே காலி பண்ணிகினு ஓடியாந்துச்சே, அந்த வருசம் இவன் மட்டும் இங்கேர்ந்து ரயிலேறிப் போனான். பதினாலு வருசம் பெங்களூருல." இது தனகோடி. காசிநாதனோடு ஒன்றாக ஏரியில் எருமை மேய்த்தவன்.

"ஏரோப்ளான் ஓட்னானாமே?" என்றார் ஒரு பெரியவர்.

"ஓட்டல பெரிப்பா. ஆணி அடிச்சான். ரிவிட்டுன்னு சொல்லுவான். ஒரு ரெக்கைக்கு ஆயிரக்கணக்குல அடிக்கணுமாம்."

"ஆணி அடிக்கிறதுக்கு அம்மாம் தூரம் போவணுமா? நம்ம ஆசாரிகிட்ட சேந்திருந்தா உயிரோட இருந்திருப்பான்."

இரண்டு பேர் சிரித்துவிட்டு, எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவு வந்து துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் கோதண்டராமன் எழுந்து நின்று பேசினார். சுதந்திர இந்தியா தன் விமானத்தைத் தானே கட்டுகிறது என்றும், அந்த வேலையில் நம் ஊரின் கையும் இருந்தது என்றும், இனி ஆகாயத்தில் சத்தம் கேட்கும்போதெல்லாம் காசிநாதனை நினைக்க வேண்டும் என்றும் சொன்னார். அருணகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தக் கண்ணீர் பொய் என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

"மேலேர்ந்து தகடு வுழுந்துச்சி வாத்தியாரே," என்றான். "மூஞ்சியே இல்ல. ஊருக்கு எடுத்தாந்தா கொயந்த பயந்துடும். அதான் அங்கியே எரிச்சிட்டு சாம்பல எடுத்தாந்தேன்."

அந்தச் சாம்பலைத்தான் பதினாறு நாளைக்கு முன்பு சதுரங்கப்பட்டினத்துக் கடலில் கரைத்தோம். இடுப்பளவு தண்ணீரில் நின்று அருணகிரி மண்சட்டியைக் கவிழ்த்தான். அது எந்த அடுப்பில் அள்ளிய சாம்பல் என்று கடைசி வரை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வேண்டா உள்ளே மூலையில் இருந்தாள். விடிவதற்கு முன்பே ஏரிக்கரைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, எல்லாவற்றையும் அங்கேயே எடுத்தார்கள். தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போடும்போது அவள் சின்னப்பொண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

"அக்கா, அவரு மூஞ்சிய ஒரு தாட்டி கூட காட்டல. கண்ணால பாக்காம எப்டிக்கா கழட்டுவேன்?"

"வுடுடி. பாத்திருந்தா தாங்க மாட்ட," என்றாளாம் சின்னப்பொண்ணு. கையை விலக்கியதும் அவள்தான்.

வேண்டா பிறந்த வீட்டில் நாலாவது பெண். இனிமேல் பெண் வேண்டாம் என்று வைத்த பேர். கல்யாணமான பத்து வருஷத்தில் புருஷனோடு இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருஷம் தேறாது. பொங்கலுக்கு வருவான், ஆடிக்கு வருவான், பத்து நாள் இருந்துவிட்டுப் போவான். எட்டு வயசில் எல்லம்மாள் என்று ஒரே பெண். மற்ற நாளெல்லாம் மூத்தார் வீட்டில் களை எடுப்பது, கல்பாக்கம் சவுக்குத் தோப்பில் சருகு வாருவது, வேர்க்கடலை உடைப்பது. இப்போது அந்த வேலைகள் அப்படியே இருந்தன, படுக்கை மட்டும் மாட்டுக் கொட்டாய்க்கு மாறியது. காலையில் அருணகிரி வெளியே கிளம்பும்போது எதிரே வரக்கூடாது. அருணகிரியின் மகள் அம்சாவுக்குப் பூஞ்சேரியில் நிச்சயம் ஆகியிருந்தது. சம்பந்தி வீட்டார் வந்தால் வேண்டா கொல்லைப்பக்கம் போய்விட வேண்டும்.

"சாவு வுழுந்த வூட்ல வருசத்துக்குள்ள ஒரு நல்லது நடக்கணும்," என்று சொல்லி ஆவணியில் முகூர்த்தம் வைத்தான் அருணகிரி. ஊரும் அது சரி என்றது.

*

ஆடி மாசம். காற்று சாலை மணலை அள்ளிக் கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. சாக்குகளை மூடிக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து பேண்ட் போட்ட ஒரு ஆள் தகரப் பெட்டியோடு இறங்கி வந்தான். நாற்பது வயசிருக்கும். நான் சொன்னது எதையும் முதல் தடவையில் அவன் காதில் வாங்கவில்லை.

"பாய், காசிநாதன் வூடு எது?"

"எந்தக் காசிநாதன்?"

"இன்னா?"

கத்திச் சொன்னேன்.

"ஏரோப்ளான் கம்பெனி காசிநாதன். நான் அவன் கூட வேல செய்யறவன். தாவீதுன்னு பேரு. மெட்ராஸ்ல ஒரு கண்ணாலம், அதுக்கு வந்தேன். அவன் பெட்டி ரூம்ல கெடந்துச்சி, அதான் வூட்ல குடுத்துட்டுப் போலாம்னு."

அவனுக்கு விஷயம் தெரியாது என்று நினைத்து, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொன்னேன். காசிநாதன் செத்துப்போய் நாலு மாசம் ஆகிறது என்றேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தான்.

"யாரு சொன்னது? போன மாசம் லெட்டர் போட்டானே. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலதான கீறான்."

"எந்த ஆஸ்பத்திரி?"

அவன் தன் உள்ளங்கையை விரித்து, விரல்களை மெல்ல மடக்கிக் காட்டினான். எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் அந்த வியாதியின் பேரைச் சொல்லமாட்டார்கள், 'பெரிய நோவு' என்பார்கள். செங்கல்பட்டுக்கு வெளியே அதற்கென்று ஓர் ஆஸ்பத்திரி இருந்தது.

அப்போதே அவனைத் திருப்பிப் பஸ் ஏற்றியிருக்கலாம். அம்சாவுக்குக் கல்யாணம் மூன்று வாரத்தில். சித்தப்பனுக்கு அந்த நோவு என்று தெரிந்தால் பூஞ்சேரிக்காரன் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்புவான், அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் மாப்பிள்ளை வராது. இது எல்லாம் என் புத்திக்கு எட்டியது. ஆனால் நான் யோசித்து முடிப்பதற்குள் தாவீது பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான். நானும் கடையைச் சாத்தாமல் பின்னால் ஓடினேன்.

அருணகிரி வீட்டில் இல்லை. சின்னப்பொண்ணுவும் வேண்டாவும் முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தாவீது வெள்ளைப் புடவையைப் பார்த்தான். அந்த முகத்தைக் காசிநாதன் வைத்திருந்த போட்டோவில் பார்த்திருக்கிறான் போல.

"காசி சம்சாரம்தானேம்மா நீ? இன்னாம்மா இது கோலம்?"

சின்னப்பொண்ணு முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். "யாருய்யா நீ? வூடு மாறி வந்துட்ட. போ, போ."

அவனுக்குக் காது கேட்கவில்லை. கேட்காதவன் பேசுகிற மாதிரி ஊருக்கே கேட்கப் பேசினான்.

"பத்து வருசம்மா. அவன் வெளிய, நான் உள்ள. ரெக்கைக்குள்ள பூந்து படுத்துகினு இரும்புக் கட்டிய அண்டக் குடுப்பேன். அவன் வெளியேர்ந்து அடிப்பான். அந்தச் சத்தத்துல பேச்சே கெடையாது, தகட்டுல தட்டுறதுதான். ஒரு தட்டு தட்னா சரியாகீதுன்னு அர்த்தம், ரெண்டு தட்னா இன்னொரு தாட்டி அடின்னு. அப்பிடியே என் ரெண்டு காதும் பூடுச்சி. அடிச்சி முடிச்சதும் உள்ளங்கையால தடவுவான் பாரு, ஒரு ரிவிட்டு நூலளவு தூக்கிகினு இருந்தாலும் சொல்லிடுவான். இன்ஸ்பெக்டரே, கூப்புடு காசியன்னு சொல்வாரு."

வேண்டா எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த கடலையை உடைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தை மாசம் ஒருநாள் தகட்டுல ரத்தம். கோடு போட்டாப்ல நீட்டா. யார் ரத்தம்டான்னு இன்ஸ்பெக்டர் கேக்குறாரு. எல்லாரும் அவங்கவங்க கையைப் பாத்துகினோம். கடைசியில காசி கையைத் திருப்புறான், உள்ளங்கை பொளந்துகினு கீது. அவனுக்குத் தெரியவே இல்லம்மா. நான் புடிச்சி அமுக்குறேன், வலிக்கலன்றான். அப்ப பாத்தான் பாரு என் மூஞ்சிய..."

"ஐயோ, இவன் வாய மூடுங்க பாய்!" என்று சின்னப்பொண்ணு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"கம்பெனி டாக்டரு நல்லவரு. உங்க ஜில்லாவுலயே பெரிய ஆஸ்பத்திரி கீது, புது மாத்திர வந்துகீது, ரெண்டு வருசத்துல சரியாவும்னு லெட்டர் குடுத்து அனுப்புனாரு. அண்ணனுக்குக் கடுதாசி போட்டு வெச்சிட்டுத்தான் ரயிலேறுனான். செங்கல்பட்டு டேஷன்ல அண்ணன் வந்து நிப்பாருன்னு சொன்னான்." தாவீது வேண்டாவிடம் குனிந்தான். "நீ போய்ப் பாக்கலியாம்மா? பத்து மைல் பதினஞ்சு மைல்தான?"

வேண்டா அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவனிடம் இல்லை, சின்னப்பொண்ணுவிடம்.

"அக்கா. இன்னாக்கா சொல்றாரு இந்தாளு?"

சின்னப்பொண்ணு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அம்சா அழுகிற சத்தம் கேட்டது.

*

விதவை தனியாகப் பஸ் ஏறிப் போனால் ஊர் பார்க்கும். ஆகையால் மறுநாள் என் மனைவி ஹபீபா கூடப் போனாள். செங்கல்பட்டில் டாக்டரம்மாவிடம் காட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, வேண்டாவுக்குத் தன் இன்னொரு வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தி முகத்தை மூடி அழைத்துப் போனாள். பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர்களே நாலு பேர் இருந்தார்கள். பாய் வீட்டுப் பெண்கள் என்று எழுந்து இடம் கொடுத்தார்களாம். அங்கே நடந்ததை ஹபீபாதான் என்னிடம் சொன்னாள். ஒரே நாளில் சொல்லவில்லை, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரி மரங்களுக்கு நடுவே பெரிய தோட்டம் மாதிரி இருந்ததாம். காசிநாதன் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய மூக்குக்கண்ணாடியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பு சற்றுப் பூசியிருந்தது. காது மடல் தடித்து, இடது கையில் இரண்டு விரல் மடங்கியிருந்தன. வேண்டா முன்னால் போய் நின்று துப்பட்டியை விலக்கினாள்.

அவன் அவளுடைய நெற்றியைப் பார்த்தான். கழுத்தைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"எனுக்கு இன்னா ஆச்சின்னு கேக்க மாட்டியாயா?" என்றாள் வேண்டா.

அவன் கண்ணாடியின் காம்பை மடக்கினான், விரித்தான்.

"ஏன் இப்டி வந்து நிக்கறன்னு கேளு. யாரு செத்தான்னு கேளு."

அவன் தலை நிமிரவில்லை.

"அப்ப உனுக்குத் தெரியும்."

"அண்ணன் சொன்னாரு," என்றான் தரையைப் பார்த்தபடி. "டேஷன்லேர்ந்து ஜட்கா வண்டியில வர்றப்பவே சொன்னாரு. அம்சா கண்ணாலம் நின்னு பூடும்டா, அப்பால நம்ம எல்லம்மாவ யாரு கட்டுவான்னு கேட்டாரு. வேற வழி கெடையாது, செத்துட்டன்னு சொல்லிடலாம்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னேன்."

பக்கத்து வார்டில் யாரோ தாயக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கழட்டி வெச்சிருப்பேனேயா," என்றாள் வேண்டா. அவள் குரல் உயரவில்லையாம். "ஊரு முன்னாடி மார்ல அடிச்சிகினு அழுதிருப்பேன். மாட்டுக் கொட்டாயில படுக்கச் சொன்னாலும் படுத்துகினு, நீ வருவேன்னு இருந்திருப்பேன். உனுக்காகச் செய்ய மாட்டேனா? நாலு மாசம்யா. நெஜமாவே செத்துட்டன்னு நெனச்சிகினு நாலு மாசம். கெணத்துல வுழலாம்னு ரெண்டு தாட்டி போய் நின்னேன், எல்லம்மா கூட வந்து நின்னா, திரும்பி வந்தேன்."

"நானும் அதான் கேட்டேன் வேண்டா. அவளுக்கு மட்டும் சொல்லிடலாம் அண்ணான்னேன்."

"இன்னா சொன்னாரு?"

காசிநாதன் சொல்லத் தயங்கினான். மூக்குக்கண்ணாடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"அவளுக்கு நடிக்க வராதுடா, வெகுளி, மூஞ்சி காட்டிக் குடுத்துரும்னாரு. அவ நெஜமா அழுதாத்தான் ஊரு நம்பும்னாரு."

"அதுக்கும் சரின்னியா?"

அவன் தலையை ஆட்டினான்.

ஹபீபா இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிடுவாள்.

வேண்டா மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து பெஞ்சில் வைத்தாள். கடலை உருண்டை. முந்தின ராத்திரியே பிடித்திருக்கிறாள், என்ன கேட்கப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாத நேரத்தில். "மாத்திரைய ஒயுங்கா போடு," என்றாள். துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு நடந்தாள். அவன் பின்னால் கொஞ்ச தூரம் வந்தான். கேட்டுக்கு வெளியே வர அவனுக்கு அனுமதி கிடையாது.

பஸ்ஸில் அவள் அழவில்லை. திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது, "அக்கா, பசிக்குது," என்றாள். இறங்கி நாலு இட்லி தின்றாள்.

வீட்டு வாசலில் அருணகிரி காத்திருந்தான். ஒரே நாளில் அவன் முகம் சுருங்கிப் போயிருந்தது. வேண்டாவைக் கண்டதும் கைகூப்பினான். மூத்தார் தம்பி பெண்சாதியைக் கும்பிடுவதை அன்றுதான் பார்த்தேன்.

"அம்மா, உன் கால்ல வேணா வுழறேன். அம்சா கண்ணாலம் வரிக்கும் வாய தொறக்காத. அப்பால நீ இன்னா சொன்னாலும் சரி."

"நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன் மாமா," என்றாள் வேண்டா. "எனுக்கு நடிக்க வராதுன்னியாமே. பாப்போம்."

முக்காட்டைப் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போனாள்.

*

ஆவணியில் கல்யாணம் நடந்தது. வேண்டா கொல்லைப்பக்கம் பெரிய அண்டாவில் சோறு வடித்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அவளைப் பார்த்து, 'பாவம், இளசு' என்று பேசிக்கொண்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இதற்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கடுதாசியும் போடவில்லை. ஹபீபா இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். என்னிடம் ஊரில் யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. தாவீது கத்திப் பேசியதை அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேராவது கேட்டிருப்பார்கள். அவர்களும் பேசவில்லை. எல்லோர் வீட்டிலும் பெண்கள் இருந்தார்கள்.

ஐம்பத்தெட்டு, சித்திரை மாசம். அம்சாவுக்கு ஏழாம் மாசம், வளையல் போடுகிற நாள். பூஞ்சேரியிலிருந்து மூன்று வண்டியில் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். உச்சி வெயிலில் செங்கல்பட்டு பஸ் நின்றது. காசிநாதன் இறங்கினான்.

சலவைச் சட்டை போட்டிருந்தான். தலை வாரியிருந்தான். நேராகக் கடைக்கு வந்தான்.

"பாய், நல்லாகீறீங்களா?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தான்.

"கிருமி இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க பாய். டாக்டர் கையெழுத்து போட்டுகீறாரு பாருங்க. இனிமே யாருக்கும் ஒட்டாது."

"இன்னிக்கு வூட்ல விசேசம் காசி," என்றேன். "சம்பந்தி வந்துகீறாங்க. நாளைக்கு வாயேன்."

"அம்சாவுக்குத்தான் கண்ணாலம் முடிஞ்சிபோச்சே. இனிமே இன்னா பாய்? ரெண்டு வருசம் இருந்தாச்சி. எல்லம்மாவப் பாக்கணும்."

நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். அந்தக் கையைத் தொட அன்று எனக்குத் துணிவு வரவில்லை. அதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

பந்தலில் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவன் வாசலில் போய் நின்றதும் பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது. தனகோடி அவனைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். வாத்தியார் கோதண்டராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அருணகிரி முன்னால் வந்தான்.

"யாருய்யா நீ?"

"அண்ணா..."

"யாருக்குடா அண்ணன்? பிச்சக்காரனுக்கெல்லாம் நான் அண்ணனா? நல்ல நாளும் அதுவுமா..."

பூஞ்சேரி சம்பந்தி எழுந்து வந்தார். நிதானமான மனுஷர். "இரு மச்சான். யாருப்பா நீ? இன்னா வோணும்?"

"நான் காசிநாதன். இவரு தம்பி."

"அவரு பெங்களூருல செத்துட்டாருன்றாங்களே."

"சாவல. இதோ பாருங்க." காகிதத்தை நீட்டினான். மடங்கிய விரல்களைச் சம்பந்தி பார்த்தார், காகிதத்தை வாங்கவில்லை. அரை அடி பின்னால் நகர்ந்தார்.

காசிநாதன் சுற்றிலும் பார்த்தான். "தனகோடி, நீ சொல்லேன்டா." தனகோடி பந்தல் காலைப் பார்த்தான். "பாய், நீங்க சொல்லுங்க பாய்."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு சம்சாரம் இங்கதான இருக்குது?" என்றார் சம்பந்தி. "கூப்புடுங்க. புருசன பொஞ்சாதிக்குத் தெரியாதா?"

வேண்டா கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தாள். கையெல்லாம் மாவு. எல்லம்மாள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பத்து வயசுப் பெண்ணுக்கு அப்பன் முகம் மறந்திருக்குமா என்று தெரியவில்லை. அது அம்மாவின் முகத்தையே பார்த்தது.

"வேண்டா," என்றான் காசிநாதன். அவன் முகத்தில் அப்போது பயமே இல்லை. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான்.

அவள் அவனை நன்றாகப் பார்த்தாள். உள்ளே மணையில் வளையலோடு உட்கார்ந்திருந்த அம்சாவையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரரு பூட்டாரு, ரெண்டு வருசம் ஆவுது," என்றாள். "இந்தாளு யாருன்னு எனுக்குத் தெரியாது."

குரல் நடுங்கவில்லை. கண்ணும் கலங்கவில்லை. சம்பந்தி பெருமூச்சு விட்டார். அருணகிரிதான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டான்.

கோபத்தில் சொன்னாளா, அம்சாவின் வயிற்றுப் பிள்ளைக்காகச் சொன்னாளா, எல்லம்மாவை நினைத்தாளா, யாரும் கேட்கவில்லை.

"வெயில்ல வந்துகீறாரு," என்று அவளே சொன்னாள். "பசியா இருப்பாரு. சோறு போட்டு அனுப்புங்க."

பந்தலுக்கு வெளியே, வேலி ஓரத்தில், மண்ணில் இலை போட்டார்கள். யாரும் கிட்டே போய்ப் பரிமாறவில்லை. சின்னப்பொண்ணு தூர நின்று சோற்றைச் சரித்து, அகப்பையால் குழம்பை ஊற்றினாள். காசிநாதன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சாப்பிட்டான். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. குளத்துப் படியில் கை கழுவிவிட்டு, யாரையும் பார்க்காமல் சாலைக்கு நடந்தான். அடுத்த பஸ் மூன்று மணிக்கு. அதுவரை புளியமரத்தடியில் நின்றிருந்தான். நான் கடையைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பட்டறையில் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் வெள்ளித்தாங்கல் பக்கம் அவன் வரவே இல்லை.

வேலி ஓரத்து இலையை எடுக்க யாரும் போகவில்லை. நாய் இழுத்துவிடும் என்றார்கள். வேண்டா போய் எடுத்தாள்.

"தொடாதடி!" என்று பூஞ்சேரிக்காரி ஒருத்தி அலறினாள். "கம்பால தள்ளு!"

வேண்டா இரண்டு கையாலும் இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எருக்குழிக்குப் போனாள். திரும்பி வந்து கை கழுவினாளா என்று நான் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஹபீபா கொல்லை வழியாகப் போய் அவளைப் பார்த்தாள். வேண்டா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். ஹபீபாவுக்கு என்ன கேட்பதென்று தெரியாமல், "இன்னாடி இப்டிப் பண்ணிட்ட?" என்று மட்டும் கேட்டாளாம்.

வேண்டா மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்:

"கொழம்புல இன்னிக்கு உப்பே இல்லக்கா. உப்பு பத்தலன்னா தட்டத் தூக்கி அடிக்கிற மனுசன். ஒண்ணியும் சொல்லாமத் தின்னுட்டுப் போனாரு."